காவலருக்கு 13 மொழிகள், மேலாளருக்கு ஒன்றே ஒன்று

இந்திய மேலாண்மைக் கழகங்கள், அதாவது ஐ.ஐ.எம்.கள், கூட்டாக நடத்தும் பொது நுழைவுத் தேர்வை 2024 நவம்பர் 24 அன்று ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் எழுதினர். அனைவரும் பட்டதாரிகள், அல்லது பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பவர்கள். தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. அந்த ஆங்கிலத் தேர்வுக்குள்ளும் முதற்பிரிவு ஆங்கில வாசிப்புத் திறனை அளப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. இத்தேர்வைத் தமிழ் ஏடுகள் 'கேட்' என்று எழுதுகின்றன. பொறியியல் மேற்படிப்புக்கான தேர்வும் தமிழெழுத்தில் அதே 'கேட்'தான். மாளிகைகளின் வாயிற்கதவையும் நம் மக்கள் 'கேட்' என்றே சொல்கிறார்கள். ஒலிபெயர்ப்பின் குழப்பம் சில வேளைகளில் உண்மைக்கு அருகில் கொண்டுபோய் விடுகிறது.

இக்கதவு எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் காண்போம். 2024ஆம் ஆண்டுத் தேர்வில் வினாக்கள் மொத்தம் 68. அவற்றுள் 24 வினாக்கள் வாசிப்புப் பிரிவுக்குரியவை. ஏறத்தாழ 500 சொற்கள் கொண்ட நான்கு உரைப்பகுதிகள், ஒவ்வொன்றின்மீதும் நான்கு வினாக்கள், எஞ்சிய எட்டு வினாக்கள் வாக்கியங்களை ஒழுங்குபடுத்துதல், சுருக்கத்தைக் கண்டறிதல் போன்றவை. இதற்கான நேரம் 40 நிமிடங்கள். உரைப்பகுதியைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு வினாவுக்குச் சராசரியாக 100 வினாடிகள். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் தவறானதைத் தேர்ந்தால் ஒரு மதிப்பெண் கழியும். 40 நிமிடங்கள் முடிந்ததும் கணினி அப்பிரிவை மூடிவிடும்; திரும்பிச் செல்ல வழியில்லை. கணக்கில் சூரப்புலியாக இருப்பவர் அங்கே மிச்சப்படுத்தும் நேரத்தை இங்கே செலவிட முடியாது. பெரும்பாலான கழகங்கள் மொத்த மதிப்பெண்ணுக்கு மட்டுமன்றி ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே கட் ஆஃப் வைத்திருக்கின்றன. ஆகவே கணிதத்திலும் தரவு ஆய்விலும் முன்வரிசையில் நிற்கும் ஒருவரை, ஆங்கில வாசிப்பு என்னும் ஒற்றைப் பிரிவு வெளியே தள்ளிவிட முடியும். தள்ளிக்கொண்டும் இருக்கிறது.

இதில் என்ன தவறு என்று கேட்போர் நம் அணிகளிலேயே உண்டு. அவர்களுக்கு விடை சொல்வதற்கு முன், கடந்த சில ஆண்டுகளில் இந்திய அரசு தேர்வுகளின் மொழி குறித்து எடுத்துள்ள முடிவுகளை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சலுகையாகத் தோன்றும். வரிசைப்படுத்தினால் வேறொன்று புலப்படும்.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் இந்தி, ஆங்கிலத்துடன் 13 மாநில மொழிகளிலும் நடைபெறுகிறது. அந்தப் படைகளின் உதவி கமாண்டன்ட் பதவிக்கான வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளது. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வை 13 மாநில மொழிகளிலும் நடத்துமாறு 2021 செப்டம்பர் இறுதியில் ஒன்றிய நிதியமைச்சகம் பரிந்துரைத்தது, அவ்வாறே நடைபெறுகிறது. அதே வங்கிகளின் அதிகாரி தேர்வுக்கு மீண்டும் இரண்டே மொழிகள். இளநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் 13 மொழிகளில் உண்டு. முதுநிலை நீட் ஆங்கிலத்தில் மட்டும். பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 2021 முதல் 13 மொழிகளில் நடக்கிறது, ஐ.ஐ.டி.களுக்குள் நுழைவிக்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வுக்கு வந்தால் இரண்டாகச் சுருங்குகிறது. மேலாண்மைக் கழகங்களின் தேர்வுக்கு ஒன்றே ஒன்று.

இந்த வரிசையைப் பார்த்த பிறகும் மொழிச் சிக்கல் என்பது நிர்வாக வசதி பற்றியது என்று யாரேனும் சொல்வார்களானால் அவர்கள் படிக்க மறுக்கிறார்கள் என்றே பொருள். ஏணியில் மேலே ஏற ஏற மொழிகள் உதிர்கின்றன. துப்பாக்கி ஏந்தி எல்லையில் நிற்பவர் தமிழிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் சிந்திக்கலாம். அவருக்கு ஆணையிடுபவர் அவ்வாறு சிந்தித்துத் தகுதி பெற முடியாது. கவுன்டரில் பணம் எண்ணுபவருக்கு ஒரு மொழி, கடனுக்குக் கையெழுத்திடுபவருக்கு வேறு மொழி. பல மொழிகளில் தேர்வு நடத்துவது இயலாத காரியம் என்ற பழைய வாதத்தை அரசே உடைத்துவிட்டது. இயலும். எங்கே இயல வேண்டும், எங்கே இயலக்கூடாது என்பதை வர்க்க நலன் தீர்மானிக்கிறது. கீழ்ப்படிகளில் கிடைத்தவையும் தாமாக வந்தவை அல்ல; கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் எழுந்த எதிர்ப்பின் பின்னரே வந்தவை.

பெருமுதலாளிகளுக்கு மேலாளர்களை உருவாக்கித் தரும் கழகங்களைப் பற்றி ஓர் உழைப்பாளர் கட்சியின் ஏடு ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வியும் எழலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இக்கழகங்கள் மக்களின் நிலத்தில், மக்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. அவற்றின் பழைய கழகங்களில் இரண்டாண்டுப் படிப்புக்கான கட்டணம் இன்று 20 லட்சம் ரூபாய்க்கும் மேல் உயர்ந்திருப்பது தனிக் கொள்ளை. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே சொல்ல வேண்டியது, இவ்வாசிப்புப் பிரிவின் வார்ப்பு அந்தக் கழகங்களோடு நிற்கவில்லை என்பதே. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வான கிளாட், 2020 முதல் ஏறத்தாழ முழுவதுமாக நீண்ட ஆங்கில உரைப்பகுதிகளைப் படித்து விடையளிக்கும் தேர்வாக மாற்றப்பட்டுவிட்டது. நாளை தொழிலாளர் வழக்குகளில் வாதாடப் போகிறவர்களையும் அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிறவர்களையும் இதே 40 நிமிட மனப்பான்மைதான் சலித்தெடுக்கிறது.

'மேலாளருக்கு ஆங்கிலம் வேண்டாமா? பாடமே ஆங்கிலத்தில்தானே' என்பது அடுத்த வாதம். வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி. இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் முதன்மைக் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 300 மதிப்பெண் தாள் ஒன்று இருக்கிறது. அதன் தரம் பத்தாம் வகுப்பு அளவு. அதில் 25 சதவீதம் பெற்றால் போதும். அம்மதிப்பெண் தரவரிசையில் சேர்க்கப்படுவதில்லை. 1976இல் அறிக்கையளித்த கோத்தாரி குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1979 முதல் முதன்மைத் தேர்வின் விடைகளை எட்டாவது அட்டவணை மொழிகளில் எழுதவும் முடிகிறது. ஒரு மாவட்டத்தை நிர்வகிக்க, வெள்ளத்திலும் கலவரத்திலும் முடிவெடுக்க, பின்னாளில் அமைச்சகச் செயலராக அமர, இந்த அளவு ஆங்கிலம் போதும் என்று அரசு ஏற்கிறது. சோப்பையும் ஷாம்பூவையும் விற்கும் திட்டம் தீட்டுவதற்கு மட்டும் நாட்டின் ஆங்கில வாசகர்களில் முதல் சில சதவீதத்துக்குள் வர வேண்டுமாம்! அந்த சோப்பை வாங்குபவர்கள் மைதிலியிலும் ஒடியாவிலும் மலையாளத்திலும் பேரம் பேசுகிறார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஆங்கிலத்தைத் தகுதித்தாளாக மட்டும் வைத்திருக்கும் அந்த ஏற்பாட்டையும் குலைக்க முயன்றார்கள். 2013 மார்ச்சில் வெளிவந்த அறிவிக்கை, ஆங்கில மதிப்பெண்ணைத் தரவரிசையில் சேர்க்க முனைந்தது. நாடாளுமன்றத்தில் எழுந்த கொந்தளிப்பால் பின்வாங்கியது. முதல்நிலைத் தேர்வில் 2011இல் புகுத்தப்பட்ட இரண்டாம் தாளில் ஆங்கில வாசிப்பு வினாக்கள் இருந்தன. 2014 ஜூலையில் தில்லி முகர்ஜி நகரில் மாணவர்கள் தெருவில் இறங்கினர். ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசு, அவ்வினாக்களின் மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படாது என்று அறிவித்தது. 2015இல் அத்தாள் முழுவதும் 33 சதவீதம் பெற்றால் போதும் என்னும் தகுதித்தாளாயிற்று. போராடினால் ஆங்கில வாசிப்புப் பிரிவு தகுதித்தாளாகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அதே வேளையில், அப்போராட்டத்தின் பயன் இந்தி மாணவரோடு நின்றுவிட்டதையும் மறக்கக்கூடாது. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் இன்றும் இந்தி, ஆங்கிலம் ஆகிய இரண்டில் மட்டுமே அச்சாகிறது.

இனித் 'தகுதி' என்னும் சொல்லுக்கு வருவோம். இப்பிரிவு ஆங்கில அறிவை அளக்கவில்லை, சிந்தனையைத்தான் அளக்கிறது என்று பயிற்சி மைய விளம்பரங்கள் பெருமையாகச் சொல்கின்றன. நான் கட்சியின் ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணியில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவன். ஆங்கில உரைப்பகுதியைப் படித்து அதன் உட்பொருளைக் கண்டறிவதுதான் என் அன்றாட வேலை. எந்த ஒரு கட்டுரையை எடுத்தாலும் முதலில் தேடுவது, எழுதியவர் யார், எந்த ஆண்டில், எந்த ஏட்டில், யாரை மறுத்து எழுதினார் என்பதே. 'சுதந்திரம்' என்ற ஒரு சொல் ஆலை முதலாளியின் பேனாவில் ஒன்றைக் குறிக்கும். ஆலைத் தொழிலாளியின் துண்டறிக்கையில் வேறொன்றைக் குறிக்கும். இந்தத் தேர்வின் உரைப்பகுதிகளில் தலைப்பு இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. ஒரு நீண்ட கட்டுரையின் நடுவிலிருந்து 500 சொற்களை வெட்டியெடுத்து மேசைமீது வைத்துவிட்டு, 'ஆசிரியர் பின்வருவனவற்றுள் எதை ஏற்க மாட்டார்?' என்று கேட்கிறார்கள். பெயரற்ற அந்த ஆசிரியர் எதை ஏற்பார் என்பதை 100 வினாடிகளில் யார் ஊகிப்பார்கள்? அத்தகைய கட்டுரைகள் எழுதப்படும் உலகத்தின் பழக்கவழக்கங்களில் ஊறியவர்கள். இங்கிலாந்து, அமெரிக்க இதழ்களின் குரலும் கிண்டலும் எந்த இடத்தில் வளையும் என்பதைச் சிறு வயதிலிருந்து வீட்டு மேசையில் கண்டவர்கள். வாசிப்பு என்ற பெயரில் இங்கே பெரிதும் அளக்கப்படுவது அந்தப் பழக்கம்தான்.

ஒருவர் மறுக்கலாம்: பழக்கத்தை உழைப்பால் பெறலாமே. பெறலாம். அதற்கான விலைப்பட்டியலைத்தான் பயிற்சி மையங்கள் நீட்டுகின்றன. தி கார்டியனும் தி எகனாமிஸ்டும் நியூயார்க்கரும் நாள்தோறும் படியுங்கள், ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள், மாதிரித் தேர்வுகள் எழுதுங்கள் என்பது அவர்கள் தரும் பத்தியம். அவற்றுள் சில சந்தா கட்டினால்தான் திறக்கும். பட்டம் முடித்த மறுமாதமே சம்பளத்தை எதிர்பார்க்கும் வீட்டில் ஓராண்டு படித்துக்கொண்டிருப்பது யார்? பயிற்சிக் கட்டணத்தின்மீது அரசு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்குகிறது. பிறகு தேர்வுக் கட்டணம்: 2024இல் பொதுப் பிரிவினருக்கு 2,500 ரூபாய், பட்டியலினத்தோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1,250 ரூபாய். பள்ளியில் கொடுக்கத் தவறியதைத் தனியாரிடம் வாங்கச் சொல்லி, வாங்கும்போது அதற்கும் வரி விதிக்கும் அரசை என்னவென்பது!

மும்பை தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் தொடங்கி இடையில் ஆங்கிலவழிக்கு மாறி, வணிகவியல் பட்டம் பெற்றவர். தோழர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் சில மாதங்கள் ஞாயிறுதோறும் தொலைபேசி வழியாக அவருடன் பழைய வினாத்தாள்களைப் படித்தேன். உரைப்பகுதியைப் படித்துவிட்டு 'இவர் என்னம்மா சொல்கிறார்?' என்று கேட்பேன். தமிழில், தெளிவாக, சில வேளைகளில் மூலத்தைவிடக் கூர்மையாகச் சொல்லுவார். அதே உரைப்பகுதியின் நான்கு வினாக்களில் இரண்டு தவறும். காரணத்தைத் தேடினால், பொருள் விளங்காமை எங்கேயும் இல்லை. விடைகளின் வாசகத்தில் ஒளிந்திருக்கும் பொறிகளே காரணம். ஒரு விடையில் 'எப்போதும்' என்னும் சொல் கூடுதலாக இருக்கும். மற்றொன்று உண்மையான கூற்று, ஆனால் உரைப்பகுதியில் இல்லாதது. இன்னொன்று முற்பாதி சரியும் பிற்பாதி தவறுமாக இருக்கும். 'ஐயா, இவர்கள் படிக்கத் தெரிகிறதா என்று பார்க்கவில்லை, ஏமாறுகிறோமா என்று பார்க்கிறார்கள்' என்றார் ஒரு நாள். தேர்வில் கணிதப் பிரிவு அவருக்குச் சிறப்பாகவே அமைந்தது. ஆங்கிலத்தில் கட் ஆஃப்புக்குக் கீழே நின்றார். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதுகிறார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயரால்தான் தாங்கள் பேசுவதாக ஆளும் கட்சி சொல்லிக்கொள்கிறது. இந்நாட்டில் ஆங்கிலம் பேசுவோர் வெட்கப்படும் காலம் தொலைவில் இல்லை என்று 2025 ஜூனில் உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசினார். அவர் தலைமையிலான நாடாளுமன்ற ஆட்சிமொழிக் குழு, ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., எய்ம்ஸ் போன்றவற்றில் இந்தி மாநிலங்களில் இந்தியைப் பயிற்றுமொழி ஆக்க வேண்டும் என்று 2022இல் பரிந்துரைத்த செய்தி வந்ததும், கேரள, தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினர். பிற மாநிலங்களுக்கு அந்தந்த மொழி என்று ஒரு வரியும் அப்பரிந்துரையில் இருந்ததாம். ஆட்சிமொழிக் குழு என்பதே இந்தியின் முன்னேற்றத்தைக் கண்காணிக்க அமைக்கப்பட்ட குழு. அந்த ஒரு வரியை நம்பி நாம் உறங்கப் போவதில்லை. வெட்கம் பற்றி முழங்கியவர்களின் ஆட்சியில், ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள கழகங்களின் தேர்வு முழுக்க முழுக்க ஆங்கிலத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. மேடையில் ஆங்கிலத்தைத் திட்டுவதற்குச் செலவில்லை. உயர்பதவிகளின் கதவைத் திறப்பதற்குத்தான் செலவு அதிகம். அச்செலவை அவர்களுடைய வர்க்கம் ஏற்காது. ஆங்கிலத்தின் இடத்தில் இந்தியை அமர்த்தினால் தாராவிப் பெண்ணின் முன்னால் நிற்கும் கதவுக்கு வேறு வண்ணம் பூசப்படும், அவ்வளவே.

நம் பக்கத்திலும் இரண்டு சறுக்கல்கள் உண்டு. ஒன்று, ஆங்கிலம் ஆண்டைகளின் மொழி, அதைப் படிப்பானேன் என்னும் வீம்பு. இவ்வாறு பேசும் தோழர்களில் சிலர் தம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் கிளைக் கூட்டங்களில் கேட்கத் தொடங்கினால் விவாதம் வேறு திசையில் போய்விடும், அதை விடுவோம். மற்றொன்று, ஆங்கிலமே விடுதலை, ஆகவே தேர்வை எதிர்க்காமல் பயிற்சி வகுப்பு நடத்தினால் போதும் என்னும் சரணாகதி. இரண்டுக்கும் இடையே பாதை உண்டு. அதில் நமக்கு முன் நடந்தவர் கிராம்சி. தூரின் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றவர். சார்டினியாவின் வறுமையிலிருந்து வந்தவர். படிப்பு என்பதும் உடலை வருத்தும் உழைப்பே, அதற்கு நீண்ட பழக்கம் தேவை, படித்த குடும்பத்துப் பிள்ளை அப்பழக்கத்தில் பாதியை வீட்டிலேயே பெற்றுவிடுகிறது என்பதைச் சிறைக் குறிப்பேடுகளில் அவர் விளக்குகிறார். அதனால் தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடத்தை எளிதாக்கிக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் முடிக்கவில்லை. கடினமான படிப்பை அந்தப் பிள்ளையும் வசப்படுத்தியாக வேண்டும் என்றார்.

எனவே மாணவர் அரங்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கலாம். ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வின் கணிதம், தரவு ஆய்வு ஆகிய இரு பிரிவுகளும் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் நடத்தப்பட வேண்டும். ஆங்கில வாசிப்பு, குடிமைப் பணித் தேர்வில் இருப்பதுபோல், தரவரிசையில் சேராத தகுதித்தாளாக வேண்டும். உயர்நிலை வாசிப்புத் திறனை அளந்தே தீர வேண்டுமென்றால், மாணவர் தேர்ந்துகொள்ளும் மொழியில் அளக்கட்டும். தமிழில் 500 சொல் கொண்ட கடினமான உரைப்பகுதி கிடைக்காதா என்ன!

மொழிபெயர்ப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. 2014 போராட்டத்தின்போது மாணவர்கள் தூக்கிப்பிடித்த குறைகளில் ஒன்று, உருக்காலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இந்தி வினாத்தாளில் 'இரும்புச் செடி' என்று முளைத்திருந்தது. ஆலைக்கும் செடிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் நேர்ந்த விபரீதம் அது. இந்திக்கே இந்தக் கதி என்றால், கடைசி நேரத்தில் இயந்திரத்திடம் கொடுத்துப் பெயர்க்கப்படும் தமிழ்த் தாளின் கதி என்னவாகும்? ஐயம் வந்தால் ஆங்கில மூலமே இறுதியானது என்று தாளின் ஓரத்தில் ஒரு வரி அச்சிட்டு அரசு கைகழுவிக்கொள்ளும். ஆகவே கோரிக்கையில் மொழிபெயர்ப்பாளர் நியமனமும் இடம்பெற வேண்டும்: பாடம் அறிந்தவரும் மொழி அறிந்தவரும் சேர்ந்து அமர்ந்து, ஊதியமும் போதிய காலமும் பெற்றுச் செய்யும் வேலை அது. என் தொழிலுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று யாரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன்.

கோரிக்கை வெல்லும்வரை நவம்பர் மாதங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். கட்சி அலுவலகங்களில் ஞாயிறு மாலைகளில் பூட்டிக்கிடக்கும் அறைகளைத் திறந்து, வாரம் இரண்டு மணி நேரம் வாசிப்பு வட்டம் நடத்தலாம். ஆறேழு பேர் போதும். ஒருவர் ஆங்கிலக் கட்டுரையை உரக்கப் படிக்கட்டும். ஒவ்வொரு பத்தியும் என்ன வேலை செய்கிறது, கூற்றா, சான்றா, எதிர்வாதமா, விலக்கா என்பதை மற்றவர்கள் தமிழில் ஒரே வரியில் சொல்லட்டும். எழுதியவர் யாரை மறுக்கிறார் என்பதைத் தேடட்டும். இரண்டு மாதங்களுக்குக் கடிகாரத்தைக் கண்ணில் காட்ட வேண்டாம். வேகம் பின்னால் வரும். அதன் பிறகே பழைய வினாத்தாள்களை எடுத்து, தவறான விடைகள் ஒவ்வொன்றும் எந்தச் சொல்லால் தவறாகிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சிக்குப் போகலாம். இந்த வட்டத்துக்குத் தேர்வு எழுதாத தோழர்களும் வரலாம். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் ஆங்கிலத்தில்தான் நம் சங்கங்களின் மேசைக்கு வந்தன. எந்த உட்பிரிவில் எந்தச் சொல் எட்டு மணி நேர வேலையைத் தின்கிறது என்று தேடுவதற்கும் இதே கண்தான் வேண்டியிருக்கிறது.